காசு கொடுத்த சதுரம்

வாழைப்பழம் தின்றாயிற்று. சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டு எலுமிச்சைச் சாறு குடித்தாயிற்று. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தும் ஆயிற்று. இனிக் காத்திருப்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை. ‘பயப்படாதீங்க மேடம், தூங்கிட்டிருக்கும். கையை வயித்து மேல வச்சு ஒரு மணி நேரம் பாருங்க. அப்பவும் அசைவு தெரியலேன்னா யோசிக்காம கிளம்பி வந்துருங்க. பயப்படாதீங்க’ என்று ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் காஞ்சனா போனில் சொன்னாள். அந்த வார்த்தையை ஒரு தடவை சொல்லியிருந்தால் பயப்படாமல் இருந்திருப்பேன். இரண்டாம் தடவை எதற்குச் சொன்னாள்? சுவர்க் கடிகாரம் நேர் எதிரே இருக்கிறது. பெரிய முள் உச்சியில் நிற்கிறது. அது ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி உச்சிக்கு வருவதற்குள் என் வயிற்றுக்குள் ஓர் அசைவு வரவேண்டும். பெரிதாக வேண்டாம். தண்ணீருக்குள் மீன் திரும்பிப் படுப்பது போல இருந்தால்கூடப் போதும். எட்டாம் மாதம் நடக்கிறது. காலையில் தோசை தின்று முடித்ததும் உதைக்கும், அது அதன் வழக்கம். இன்று தோசை தின்றேன். உதைத்ததா? உதைத்திருந்தால் தெரிந்திருக்காதா? அதுதான் தெரியவில்லை. தோசைத் தட்டைக் கழுவப் போட்டதும் இந்தப் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், நூல் கோத்தேன், தைக்க ஆரம்பித்தால் எனக்கு எதுவும் தெரியாது, பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும் தெரியாது. சரி, நேற்று? நேற்றுச் சாப்பிடும்போது தட்டை வயிற்றின் மேல் வைத்திருந்தேன், தட்டு ஆடியது, என் கணவர் சேகர் சிரித்தார், ‘பாரு, சாப்பாடு நல்லால்லேன்னு தட்டைத் தள்ளி விடுது’ என்றார். அது நேற்றுத்தானா? ஆடிய தட்டில் இருந்தது ரசம். நேற்றுச் செய்தது புளிக்குழம்பு. முந்தாநாள்தான் ரசம். இல்லை, நேற்றும் கொஞ்சம் ரசம் மிச்சம் இருந்தது, குழம்புக்குப் பிறகு ஊற்றிக்கொண்டேன். ஊற்றிக்கொண்டேனா? கையை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி வைத்துப் பார்க்கிறேன். வயிறு கெட்டியாக, வெதுவெதுப்பாக, அமைதியாக இருக்கிறது. அமைதி என்ற சொல் எனக்கு இன்று பிடிக்கவில்லை.

சேகருக்குப் போன் போடவில்லை. பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட் அடிக்கும் வேலை அவருக்கு. சுத்தியல் சத்தத்துக்கு நடுவில், மத்தியான வேளையில் என் பெயர் போனில் வந்தால் அவர் ‘ஹலோ’ கூடச் சொல்ல மாட்டார், ‘என்ன?’ என்பார், அந்த ‘என்ன’வை ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். முதல் தடவை ஸ்கேன் அறையில் அந்தப் பெண் திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள், அதற்குப் பிறகு நான் போட்ட போன். இரண்டாம் தடவை ஸ்கேன்வரைகூடப் போகவில்லை. வேண்டாம், அந்தப் பக்கம் போகக் கூடாது. போர்வையை நினைக்கிறேன். போர்வை வயிற்றின் மேல் விரிந்து கிடக்கிறது, அதன் ஒரு முனை கட்டிலுக்கு வெளியே தொங்குகிறது. மேல்துணி, கம்பளி, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பிடித்துப் பெரிய பெரிய தையலாகப் போட்டாயிற்று, இப்போது ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் சின்ன ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டு வருகிறேன். ஆபீஸில் இதைக் குயில்ட் என்போம். கீழ்வீட்டு ருக்மணியக்காவுக்கு இது ஒட்டுப்போர்வை. வீட்டுக்காரம்மா அவள். கீழே அவளும் அவள் வீட்டுக்காரரும், மாடியில் நாங்கள். நான் ஊரெல்லாம் துண்டுத்துணி கேட்டு வாங்குவதைக் கேலி செய்து, மாடிப்படி ஏறி வரும்போதே கேட்பாள், ‘என்ன கண்ணு, இன்னைக்கு எந்தத் தெருவுல கலெக்சன்?’ கரூரில் போர்வை, தலையணை உறை, திரைச்சீலை என்று வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் மாதிரிப் போர்வையை மேசையில் விரித்து, நீள அகலம் அளந்து, தையலுக்கும் தையலுக்கும் இடைவெளி எவ்வளவு என்று குறித்துத் தையல் பிரிவுக்குச் சொல்ல வேண்டும். ஒரு நாள் யாரோ ஒருவர் கையால் தைத்த போர்வை ஒன்று மாதிரியாக வந்தது. அதை அளக்கும்போதே எனக்கு ஆசை வந்துவிட்டது. தையல் கோணலாக இருந்தது, ஆனால் எல்லாக் கோணலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. தைத்தவர் சாய்ந்து உட்காருகிறவர் என்று நினைத்தேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது.

ஆரம்பத்தில் எல்லாவற்றையும் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். துணி வெட்டும் சக்கரக் கத்தி, அதற்கு அடியில் போடும் பச்சைப் பாய், உள்ளே வைக்கும் பஞ்சு விரிப்பு, யானையும் முயலும் அச்சிட்ட பருத்தித் துணி. எல்லாம் ஆன்லைனில், ஒன்றொன்றும் அட்டைப் பெட்டியில் வந்து இறங்கும். சேகர் ஒரு நாள் பில்லைப் பார்த்துவிட்டு, ‘ஏன் வாணி, இந்தக் காசுக்குப் போர்வையே நாலு வாங்கியிருக்கலாமே’ என்றார். ‘போர்வைதான் எங்க ஆபீஸ்ல மலையாக் கிடக்குதே’ என்றேன். ‘அப்புறம் எதுக்கு இது?’ என்றார். தைத்துக்கொண்டிருக்கும்போது நான் நல்லவளாக இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். இந்தத் தடவை உண்டானதும் டாக்டர் முடிந்தவரை படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். சம்பளம் இல்லாத விடுப்பு. ஒரு சம்பளத்தில் வாடகையும் ஊசியும் ஸ்கேனும். நானே முடிவு செய்தேன், இனி இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு பைசாகூடச் செலவு செய்வதில்லை என்று. விட்டுவிடு என்று சேகர் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ‘பட்டறையில ரெக்சின் பிட்டு நிறையக் கெடக்குது, கொண்டாரட்டுமா? மழை பெஞ்சாலும் நனையாது’ என்றார். ‘போத்திட்டுப் படுத்தா பஸ்ஸுல போற மாதிரி இருக்கும்’ என்றேன். ‘அப்ப டிக்கெட் எடு’ என்றார். அந்த இரண்டு தோல்விக்குப் பிறகும் இந்த வீட்டில் சிரிப்பு இருக்கிறது. யாருக்கு நன்றி சொல்வது இதற்கு? கையை நகர்த்துகிறேன். இதோ. இல்லை, கட்டில்தான் அதிர்ந்தது, கீழே தெருவில் லாரி போகிறது. இரும்புக் கட்டில், லாரி போனால் அதிரும். அந்த அதிர்வு நின்றபிறகும் உள்ளங்கையில் இருந்துகொண்டே இருக்கிறது, அதை நம்பக் கூடாது. முள் உச்சியிலிருந்து கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

துணி வாங்காமல் எப்படித் தைப்பது? கேட்டுத்தான். எனக்குக் கேட்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பென்சில் உடைந்தால் பக்கத்துப் பெண்ணிடம் கேட்காமல் முனை இல்லாத பென்சிலால் எழுதுகிறவள் நான். செக்கப்புக்குப் போய்விட்டு ஆட்டோவில் திரும்பி வரும்போது திரைச்சீலைக் கடை வாசலில் நிறுத்தச் சொன்னேன், இறங்கி உள்ளே போனேன், அங்கே நின்றபடி என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரு திரைச்சீலைக்கு விலை கேட்டேன், பிறகு இன்னொன்றுக்கு. கடைப்பெண் என் வயிற்றைப் பார்த்துவிட்டு நாற்காலி போட்டாள். அந்த நாற்காலிதான் வாயைத் திறக்க வைத்தது. ‘பழைய சாம்பிள் புக் இருந்தா…’ என்றேன். ‘இதுக்கா இவ்ளோ நேரம்? புது கேட்டலாக் வந்தா பழசைத் தூக்கிப் போடுறதுதான் எங்களுக்கு வேலை. எடுத்துக்கோங்க மேடம், எங்களுக்கும் இடம் காலியாகும்’ என்று அவள் மூன்று தடிப் புத்தகங்களை ஆட்டோவில் கொண்டுவந்து வைத்தாள். அட்டையில் ஒட்டியிருந்த மாதிரித் துணிகளை வெந்நீரில் ஊறவைத்து உரித்தேன். சிலதில் பசை போகவே இல்லை, அதை எல்லாம் பை தைக்க எடுத்து வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு கேட்பது சுலபமாகிவிட்டது, சுலபமாகி ஆசையாகவும் ஆகிவிட்டது. ஆபீஸ் மாரியம்மா வெட்டும் அறையின் மூலைத்துண்டுகளை மேனேஜரிடம் சொல்லிவிட்டே ஒரு மூட்டை கட்டி அனுப்பினாள், மூட்டைக்குள் ஒரு மாங்காயும் இருந்தது. சாயம் போகுமோ என்று ஒவ்வொன்றையும் உப்புத் தண்ணீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தேன். கோடு போடச் சாக்குக் கட்டி வாங்கவில்லை, தேய்ந்துபோன சோப்புத் துண்டு போதும். சதுரம் வெட்ட அளவு அட்டை, சேகரின் சட்டை வந்த பெட்டியிலிருந்து. உள்ளே பஞ்சுக்குப் பதில், எங்கள் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்து நடுவில் நைந்துபோன கம்பளி. அடித்துணிக்கு ருக்மணியக்கா வீட்டுக்காரரின் வேட்டிகள். ‘எல்லாம் ஓட்டை கண்ணு. பீடிப் பொறி விழுந்து விழுந்து வேட்டி வலையாப் போச்சு. இந்தாளு மீன் புடிக்கத்தான் லாயக்கு’ என்று சொல்லிக்கொண்டே கொடுத்தாள். அவர் கீழிருந்து, ‘நீ புடிச்ச மீனுதானே நானு’ என்று கத்தினார். ஓட்டை ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் நூலில் ஒரு சின்னப் பூப் போட்டேன். இப்போது போர்வையைத் திருப்பிப் பார்த்தால் பூ சிதறிக் கிடப்பது போல இருக்கும். அவர் பீடி பிடித்த நேரமெல்லாம் பூவாகக் கிடக்கிறது என்று சொன்னபோது அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

வேட்டி கொடுத்த அன்றுதான் அதையும் சொன்னாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், ‘நீ தெரிஞ்சு செய்யறியோ தெரியாம செய்யறியோ, நல்லதுதான் கண்ணு. எங்க பக்கத்துல தங்காத வீட்டுல…’ என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். ‘சொல்லுங்கக்கா, பரவாயில்லை.’ ‘முன்னாடி கையைவிட்டுப் போயிருந்தா, அடுத்து வர்ற புள்ளைக்குக் காசு குடுத்து வாங்கின துணியப் போட மாட்டாங்க. நாலு வீடு ஏறிக் கேட்டு வாங்கின துணிதான் போடுவாங்க. இது எங்க புள்ள இல்லைங்க, ஊரு குடுத்த புள்ளைன்னு அர்த்தம். ஊரு புள்ளைய யாரும் கண்ணு வைக்க மாட்டாங்கல்ல.’ நான் நம்பவில்லை. நம்பவில்லை என்று சேகரிடமும் சொன்னேன், அவரும் நம்பவில்லை என்றார், இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சொன்னோம். அன்றிலிருந்து ஒரு துண்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இது யார் கொடுத்தது என்று மனசு சொல்லிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. சிக்கனத்துக்காக ஆரம்பித்த விதி எப்போது நேர்த்திக்கடன் ஆனது என்று எனக்கே தெரியாது. இப்போதும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், ஒரு கை வயிற்றில், ஒரு கை போர்வையில். பழுப்புப் பட்டை, கடைப்பெண். பச்சை இலை, கடைப்பெண். வெள்ளையில் நீலப் புள்ளி, மாரியம்மா. இது வீட்டுக்கு ஊசி போட வரும் பெண்ணின் பழைய துப்பட்டா, நான் கேட்கக்கூட இல்லை, ‘அக்கா இதுவும் ஆகுமா’ என்று அடுத்த முறை வரும்போது பைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். ஆகும், ஆகும், எல்லாம் ஆகும். இது ஆட்டோக்காரர் மனைவியின் ஜாக்கெட் துணி. இது சேகர் கூட வேலை செய்கிறவரின் அம்மா புடவை. ஒவ்வொரு துணியும் ஒரு பேச்சோடு வந்தது, ‘சுகப்பிரசவம் ஆகட்டும்’ என்று ஒரு வார்த்தையோடு வந்தது, காசு கொடுத்து வாங்கிய யானைத்துணி அட்டைப் பெட்டியில் ஊமையாகத்தான் வந்தது. எத்தனை பேர் இருக்கிறார்கள் என் வயிற்றின் மேல். இத்தனை பேரும் சேர்ந்து ஒரு தட்டுத் தட்டினால் தூங்குகிறது எழுந்துகொள்ளாதா? இளநீலக் கட்டம், லூர்து அண்ணன்.

இங்கே வந்து கை நின்றுவிட்டது. இளநீலக் கட்டம் போட்ட பள்ளிக்கூடச் சீருடைத் துணி. அடுத்த தெருவில் தையல்கடை வைத்திருக்கும் லூர்துசாமி அண்ணன் கொடுத்தது. கொடுத்தது என்று சொல்லலாமா? அன்று மத்தியானம் செக்கப் முடிந்து திரும்பும் வழியில் நான் போனபோது அவர் டீயில் பன்னை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். ‘இதுவா சாப்பாடு அண்ணா?’ என்றேன். ‘மெசினுக்கு எண்ணெய் போடுற மாதிரிதான் தங்கச்சி. ஓடுனாப் போதும்’ என்றார். எல்லாரும் ரெடிமேடு வாங்குகிறார்கள், சீருடை தைக்கும் வேலைதான் வருகிறது, அதுவும் பள்ளிக்கூடம் திறக்கும்போது மட்டும். அவர் ஒரு பை நிறைய வெட்டுத்துணி கொடுத்தார். ‘தூக்கிப் போடுற துணிக்குக் காசா? கையை மடக்கு’ என்று அதட்டினார். நான் மடக்கவில்லை. அவர் குனிந்து பையைக் கட்டும்போது மேசையில் கிடந்த டேப்புக்கு அடியில் நோட்டை வைத்துவிட்டு வந்தேன். பையில் எல்லாம் நாடா மாதிரி ஒல்லித் துண்டுகள், ஒரே ஒரு சதுரம்தான் தேறியது. இதோ, இந்தச் சதுரம். இது கேட்டு வாங்கியதா, காசு கொடுத்து வாங்கியதா? அவர் விற்கவில்லை. ஆனால் நான் வாங்கினேன். ஒருவர் விற்காமல் இன்னொருவர் வாங்க முடியுமா? முடிந்திருக்கிறதே, அந்த நோட்டு அங்கே இருக்கிறதே. நூல் முடிச்சு விழுந்த மாதிரி மனசு அங்கேயே இழுபடுகிறது, இழுக்க இழுக்க முடிச்சு இறுகுகிறது. நான் இதைத் தைத்து முடித்தது எப்போது? நேற்றுச் சாயங்காலம். நேற்றுச் சாயங்காலத்துக்குப் பிறகு அசைவு இருந்ததா? ரசம், குழம்பு, தட்டு. தட்டு ஆடியது இந்தச் சதுரத்தைத் தைப்பதற்கு முன்பா பின்பா? இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரிகிறது. வணிகவியல் படித்தவள், ஸ்கேன் ரிப்போர்ட்டை டாக்டருக்கு முன்னால் படித்துவிடுகிறவள். தெரிந்தும் கை தலையணைக்கு அடியில் கத்தரிக்கோலைத் தேடுகிறது. பிரித்துவிடலாம். பிரித்துவிட்டு, மாரியம்மா மூட்டையிலிருந்து ஒன்று வைத்துத் தைத்துவிடலாம். இனாமாக வந்தது மட்டும் இருக்கட்டும்.

மல்லாந்து திரும்பி, ஓட்டுத் தையலை முதலில் எடுத்தேன், அது எளிது. பிறகு மூட்டுத் தையல். படுத்த வாக்கில் கத்தரி முனையைத் தையலுக்குள் நுழைப்பது கஷ்டமாக இருக்கிறது. ஒரு பக்கம் வந்துவிட்டது. நூல் நறுக் நறுக்கென்று அறுகிறது. அடுத்த பக்கம். கீழிருந்து ருக்மணியக்காவின் குரல், ‘வாணீ! மோட்டார் போடட்டுமா?’ கத்தரியைக் கீழே வைக்கிறேன். ‘வாணீ! தொட்டியில தண்ணி இருக்குதா இல்லியா?’ ‘போடுங்கக்கா’ என்றேன். ‘என்னது?’ ‘போடுங்கக்கா!’ ‘அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன, தூங்கிட்டியா? தூங்கு தூங்கு, பொறந்துட்டா அப்புறம் எங்க தூங்கறது!’ பொறந்துட்டா என்கிறாள். அவ்வளவு சாதாரணமாக, தொட்டித் தண்ணீரோடு சேர்த்துச் சொல்கிறாள். அக்கா, மேலே வாங்க, கொஞ்சம் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கூப்பிடலாம். கூப்பிட்டால் வருவாள், வந்தால் முகம் மாறும், அவள் முகம் மாறுவதைப் பார்த்தால் நான் உடைந்துவிடுவேன். முள் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. பின்தெருவில் விசைத்தறி ஓடுகிறது, தடக் தடக் என்று ஒரே சீராக. ஸ்கேன் மிஷினில் கேட்ட இதயச் சத்தமும் இப்படித்தான் இருந்தது, இதைவிட வேகமாக, குதிரை ஓடுகிற மாதிரி. போன வாரம்தான் கேட்டேன், சேகர் என் தலைமாட்டில் நின்று கேட்டார், வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, ‘என்னமா ஓடுது’ என்றார். மூன்றாம் பக்கம் பிரிந்துவிட்டது. இளநீலச் சதுரம் ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு கதவு மாதிரித் திறந்து தொங்குகிறது. அதற்குள்ளே நைந்த கம்பளி தெரிகிறது. பார்க்கச் சகிக்கவில்லை. நன்றாக இருந்த இடத்தில் ஒரு குழி.

அறுந்த நூல் துணுக்குகள் வயிற்றின் மேல் சிதறிக் கிடந்தன. ஒன்றொன்றாகப் பொறுக்கி விரல் நுனியில் உருட்டினேன். வழுவழுவென்று, அறுத்தாலும் பிசிறு அடிக்காத நூல். நல்ல நூல். நல்ல நூலாக இல்லாமல் என்ன, தேடித்தேடி வாங்கிய நூல். முதலில் கம்பெனியில் தூக்கிப் போடும் மிச்சக் கண்டு நூலில்தான் தைத்துப் பார்த்தேன், ஒரு தடவை அலசியதும் பொடிப்பொடியாக அறுந்து சதுரமெல்லாம் கையோடு வந்துவிட்டது. அதனால் நூலுக்கு மட்டும் விதிவிலக்கு என்று எனக்கு நானே அனுமதி கொடுத்து, கடைக்குப் போய், இருப்பதிலேயே உசத்தியைக் கேட்டு, விலை பேசாமல்… கை அப்படியே நின்றது. காசு கொடுத்து வாங்கிய நூல். ஒரு சதுரத்தில் இல்லை, எல்லாச் சதுரத்திலும், ஒவ்வொரு விரற்கடையிலும், பீடி ஓட்டை ஒவ்வொன்றின் பூவிலும். ஊசி காசு கொடுத்து வாங்கியது. கத்தரி காசு கொடுத்து வாங்கியது. உப்புத் தண்ணீரின் உப்பு? சோப்பு? நான் தின்ற தோசை, விழுங்கிய மாத்திரை, ஸ்கேனில் அந்தக் குதிரை ஓடிய சத்தம், எல்லாவற்றுக்கும் சேகர் சீட் அடித்த காசு. பிரிப்பதாக இருந்தால் என்னையே அல்லவா பிரிக்க வேண்டும்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாகப் படுத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தேன், சிரிப்பில் வயிறு குலுங்கியது, குலுங்கியபோது உள்ளேயிருந்து பதில் வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை, சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஆனாலும் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. லூர்து அண்ணனுக்கு நான் வைத்த நோட்டு துணிக்கு விலை இல்லை. அவர் பன்னோடு ஒரு முட்டை சேர்த்துத் தின்னட்டும் என்று வைத்தது. அவர் அதை டேப்புக்கு அடியில் பார்த்திருப்பார், என்னைத் திட்டியிருப்பார், பிறகு ஒருவேளை முட்டை தின்றிருப்பார். அதில் என்ன குற்றம்? தந்தார்கள், தந்தேன். மாரியம்மாவுக்கு நான் என்ன தந்தேன்? ஒன்றும் இல்லை, மாங்காயைக்கூட நானே தின்றுவிட்டேன். எல்லாரும் தந்ததற்கு நடுவில் நான் தந்தது என்று இந்த ஒரு சதுரம்தான் இருக்கிறது. இதைப் போய்ப் பிரித்தேனே.

இனி என்ன ஆனாலும் இதைத் திரும்பத் தைத்துவிட வேண்டும். காஞ்சனா சொன்ன நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருக்கிறது. முடிந்ததும் அக்காவைக் கூப்பிடுவேன், அவள் ஆட்டோவுக்குச் சொல்வாள், சேகருக்குப் போன் போடுவேன், அவர் ‘என்ன?’ என்பார், நான் சொல்வேன். கிளம்பும்போது குழியோடு விட்டுப் போகக் கூடாது. ஊசியில் நூல் கோப்பதற்கு நாலைந்து தடவை ஆயிற்று, எச்சில் தொட்டுத் தொட்டு நூல்முனை ஈரமாகிவிட்டது. சதுரத்தை இழுத்துச் சமமாக்கி, ஓரத்தை உள்ளே மடித்து, விரலால் நீவினேன். முதல் பக்கம். எத்தனை பேர் கையும் வார்த்தையும் கலந்த போர்வை இது, இதைப் போர்த்திக்கொள்ள ஆள் வராமல் போனால் என்ன செய்வேன்? அதையும் நினைத்துப் பார்த்துவிடலாம். அப்போதும் இந்தப் போர்வை இருக்கும். இவர்களும் இருப்பார்கள். அக்கா படியேறி வருவாள், கடைப்பெண் நாற்காலி போடுவாள். போன இரண்டு தடவையும் நானும் அவரும் கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமும் எதுவும் கேட்காமல் இருந்தோம், முனை இல்லாத பென்சிலால் எழுதுவது போல. இந்தத் தடவை தெருவே வீட்டுக்குள் இருக்கிறது. இந்த நன்றியை இப்போதே, அசைவு வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். வந்தபிறகு சொன்னால் அது கைம்மாறு மாதிரி ஆகிவிடும். கடைப்பெண்ணே, உன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அடுத்த முறை கேட்கிறேன். இரண்டாம் பக்கம் முடிந்தது. அக்கா போட்ட மோட்டார் உறுமுகிறது, மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் விழுகிறது, தறி நின்றுவிட்டது, டீ குடிக்கப் போயிருப்பார்கள். மூன்றாம் பக்கத்தின் முனைக்கு வந்துவிட்டேன். மடிப்பு இங்கே தடிமனாக இருக்கிறது, ஊசி இறங்க மறுக்கிறது, கட்டைவிரலால் அழுத்தி

தள்ளினேன். கீழிருந்து என்னவோ முட்டியது. லாரியா? காதைத் தீட்டினேன், தெருவில் லாரி இல்லை. மூச்சை நிறுத்திக்கொண்டேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. எனக்கு நானே உண்டாக்கிக்கொண்டேன், சிரித்ததால் தசை துடித்திருக்கும், மோட்டார் அதிர்வாக இருக்கும், சரி, போகட்டும், இந்த முனையை முடித்துவிட்டு அக்காவைக் கூப்பிடலாம் என்று ஊசியைத் திரும்ப எடுத்தேன், அப்போது விலா எலும்புக்கு அடியில் ஓர் உதை விழுந்தது. உதை என்றால் உதை, வலிக்கிற உதை. ‘அம்மா’ என்று கத்திவிட்டேன். போர்வை ஒரு பக்கமாக மேடு தட்டி எழும்பி, அந்த மேடு இடமிருந்து வலமாக நகர்ந்து, மாரியம்மாவைத் தாண்டி, ஆட்டோக்காரர் மனைவியைத் தாண்டி, ஊசிபோட வந்த பெண்ணின் துப்பட்டாவுக்குக் கீழே போய் அமுங்கியது. குதிகால். அது குதிகாலாகத்தான் இருக்க வேண்டும். கண்ணீர் பக்கவாட்டில் வழிந்து காதுக்குள் போகிறது, துடைக்கக் கை இல்லை, ஒரு கை வயிற்றில், ஒரு கையில் ஊசி. காஞ்சனாவுக்குச் சொல்ல வேண்டும். சேகருக்கு, இல்லை, சேகருக்குச் சாயங்காலம் நேரில் சொல்ல வேண்டும், அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும். மறுபடி உதைக்கிறது. இத்தனை நேரம் எங்கே போயிருந்தது இந்தக் கோபமெல்லாம்? மறுபடியும். ஊசி சதுரத்திலிருந்து நழுவி விரலை உரசிக்கொண்டு போனது, இன்னும் கொஞ்சம் விட்டால் வயிற்றில் குத்தியிருக்கும். கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் படுத்திருக்கும் ஒருவரிடம் சொல்வதுபோலச் சத்தமாகவே சொன்னேன்.

‘ஏய், போதும், கொஞ்ச நேரம் ஆடாம இரு கண்ணு. அம்மா கையில ஊசி இருக்குது.’